நான்கு பச்சைகளில் ஒரு கடற்கன்னி

சில தீர்ப்புகளுக்கு மேல்முறையீடே கிடையாது. புகழ்பெற்ற அனிமேஷன் படங்களை வைத்துக் கையடக்கக் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட வீடியோ கேம்கள் மேல் விழுந்த தீர்ப்பு அந்த ரகம். படம் ஓடிய சூட்டோடு காசு பார்க்க இறக்கிய சரக்கு என்பார்கள். டிவியில் செருகி ஆடும் பெரிய கருவியில் வந்ததே சுமார்தான், அதையும் பிழிந்து உள்ளங்கைக்குள் அடைத்தால் என்ன மிஞ்சும் என்பார்கள். வண்ணமும் இசையுமாக உயிர் பெற்ற ஓவியத்தை நான்கு கறைகளாக மாற்றிய பாவத்துக்கு என்ன பரிகாரம் என்று கேட்பவர்களும் உண்டு. பழைய விளையாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள், ஒரு கார்ட்ரிட்ஜின் லேபிள் கிழியாமல் இருந்தாலே பரவசப்படுகிறவர்கள், அவர்களே இந்த வரிசைக்கு வந்ததும் ஒரு சிரிப்போடு தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இந்த வரிசையில் குப்பை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நிறையவே உண்டு, சிலவற்றைக் கடைசிவரை ஆடித் தொலைத்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. என் சண்டை வேறு. நோய் இருக்கிறது என்று சரியாகக் கண்டவர்கள், அது எதனால் வந்தது என்பதைத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். திரை சிறியது, அதனால் கெட்டது என்றார்கள். படத்தின் பெயரைக் காசு கொடுத்து வாங்கிச் செய்தது, அதனால் கெட்டது என்றார்கள். இரண்டையும் நான் மறுக்கிறேன். பெரிய திரைக்காக யோசித்ததை மறுயோசனை இல்லாமல் சின்னத் திரையில் இறக்கியவை கெட்டுப்போயின. இந்தச் சின்னத் திரையில் இந்தப் பாத்திரம் எப்படி அசைய வேண்டும் என்று முதலிலிருந்து கேட்டுக்கொண்டவை பிழைத்தன. அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் அனிமேஷன்காரரின் பிழைப்பே.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். நின்டெண்டோவின் கேம் பாய் 1989-இல் வந்தது. 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை. வெளிறிய பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நான்கு சாயல்கள், அவ்வளவுதான் நிறம். பின்னொளி இல்லாததால் ஜன்னலோரமோ டியூப்லைட்டுக்கு அடியிலோ உட்கார்ந்து, வெளிச்சம் விழும் கோணத்துக்குக் கருவியைச் சாய்த்துச் சாய்த்து ஆட வேண்டும். அதை உருவாக்கிய குன்பெய் யோகோயிக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. எல்லோருக்கும் பழகி, விலை இறங்கி, மவுசு போன தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குப் புது வேலை கொடுப்பது அவருடைய கொள்கை. அடுத்த ஆண்டே ஜப்பானில் சேகா நிறுவனம் கேம் கியரை வண்ணத் திரையோடும் பின்னொளியோடும் இறக்கியது. ஆறு பேட்டரிகளை அது மூன்று முதல் ஐந்து மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்த்தது. கேம் பாய் நான்கே பேட்டரியில் அதைவிடப் பல மடங்கு நேரம் ஓடியது. யார் வென்றார்கள் என்பது ஊரறிந்த கதை.

எதிர்த்தரப்பின் மிக வலுவான சாட்சியையே முதலில் கூண்டில் ஏற்றுகிறேன். 'அலாதீன்' படம் 1992-இல் வந்தது. அடுத்த ஆண்டு சேகா ஜெனிசிஸ் கருவிக்கு விர்ஜின் நிறுவனத்தில் டேவிட் பெர்ரியின் குழு ஒரு விளையாட்டைச் செய்தது. டிஸ்னியின் அனிமேட்டர்களே அதற்குத் தாளில் வரைந்து கொடுத்தார்கள். அலாதீன் ஓடினால் ஓட்டத்துக்கே ஒரு குணம் இருந்தது. நின்றால் நிற்பதிலும் ஒரு திமிர் இருந்தது. கார்ட்டூனை விரலால் ஓட்டுகிறோம் என்ற பிரமையை அதற்கு முன் எந்த விளையாட்டும் அந்த அளவுக்குத் தந்ததில்லை. அதே விளையாட்டு 1995-இல் கேம் பாய்க்கு வந்தது. ஆடியவர்கள் முகம் சுளித்தார்கள். நானும் சுளித்தேன்.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். ஜெனிசிஸ் திரை 320-க்கு 224. மொத்தம் 71,680 புள்ளிகள். கேம் பாய் திரையில் 23,040. மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அலாதீனை அலாதீன் என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு வரைந்துவிட்டால், அவனைச் சுற்றித் தெரியும் உலகம் மூன்றில் ஒன்றாகிவிடும். அக்ரபா சந்தையில் ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவ வேண்டும். பெரிய திரையில் அடுத்த கூரை கண்ணுக்குத் தெரியும். சின்னத் திரையில் தாவிய பிறகுதான் அங்கே கூரை இருந்ததா, காவலாளியின் வாள் இருந்ததா என்பது தெரியவரும். போதாக்குறைக்கு அந்தக் காலத்து எல்சிடி மிக மெதுவானது. ஒரு படிமம் மறைவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் உட்காரும். திரை பக்கவாட்டில் விரைந்தால் எல்லாம் ஒரே இழுப்பாகக் கலங்கிப்போகும். ஓட்டமும் தாவலுமாகவே பிறந்த விளையாட்டை, ஓட்டத்தையும் தாவலையும் காட்ட முடியாத திரையில் கொண்டுபோய் வைத்தார்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் 'சின்னத் திரையில் வேறென்ன முடியும்' என்று ஊர் முடிவு கட்டியது.

இப்போது என் சாட்சி. 'லிட்டில் மெர்மெய்ட்' படம் 1989. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் அதை 1991-இல் நின்டெண்டோவின் வீட்டுக் கருவிக்கும், 1992-இல் கேம் பாய்க்கும் கொண்டுவந்தது. வீட்டுக் கருவியின் திரை 256-க்கு 240. அங்கிருந்து கேம் பாய்க்கு இறங்கினால் எட்டில் மூன்று பங்குதான் மிஞ்சும். அலாதீனுக்கு நேர்ந்த அதே சுருக்கம், ஏறக்குறைய அதே அளவில். இதுவும் மறுபதிப்புதான் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு. திரை சிறுத்ததுதான் நோய் என்றால் இதுவும் படுத்த படுக்கையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

காப்பாற்றியது தண்ணீர். ஏரியல் நடப்பதில்லை, நீந்துகிறாள். மேலே, கீழே, குறுக்கே, எந்தப் பக்கமும். நீந்துகிறவளுக்குப் பள்ளத்தில் விழும் பயம் கிடையாது. அதனால் திரைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவது இங்கே உயிர்போகும் விஷயமாகாது. கொஞ்சம் மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தால் போதும். தண்ணீருக்குள் வேகமும் இயல்பாகவே குறைவு, ஆகவே அந்தச் சோம்பேறி எல்சிடிக்கும் மூச்சு வாங்கவில்லை. திரையின் குறை எதுவோ அதற்குப் படத்தின் கடலே மருந்தாகிவிட்டது. தற்செயலாக அமைந்தது என்று யாராவது சொல்லலாம். இருக்கட்டுமே. படத்திலிருந்து எதை எடுத்து விளையாட்டின் மையத்தில் வைப்பது என்று ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் தேர்ந்தெடுத்தது கதைச் சம்பவத்தை விட்டுவிட்டு ஓர் அசைவை.

அந்த அசைவிலிருந்து மற்றதெல்லாம் வருகிறது. அன்றைய விளையாட்டுகளில் எதிரியின் தலையில் குதித்து நசுக்குவது பொது வழக்கம். மீன்வாலை வைத்துக்கொண்டு யார் தலையில் குதிப்பது? ஏரியல் வாலை வீசுகிறாள்; குமிழி கிளம்புகிறது; வழியில் வரும் மீன் அதற்குள் மாட்டிக்கொள்கிறது; அந்தக் குமிழியைத் தூக்கி அடுத்ததன் மேல் எறியலாம். சில இடங்களில் நீரை விட்டுத் துள்ளி அவளால் கரையேறவும் முடியும். ஏறிய மறுகணமே, அதுவரை அத்தனை லாகவமாக இருந்த உடம்பு தரையில் போட்ட மீனாகிவிடும். தத்தித் தத்தித்தான் நகர முடியும். கரைக்குப் போக வேண்டும் என்று ஏங்கும் பெண்ணுக்குக் கரைக்கேற்ற உடம்பு இல்லை என்பதுதான் அந்தப் படத்தின் துயரமே. படம் அதை ஒரு பாட்டு முழுக்கப் பாடிச் சொன்னது. இங்கே அது ஆடுகிறவரின் கட்டை விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. இதைச் 'சுமாரான நகல்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. படத்தின் முடிவில் கடல் சூனியக்காரி உர்சுலாவைக் கொல்வது இளவரசன் எரிக். உடைந்த கப்பலைத் திருப்பி அதன் முன்கொம்பால் குத்துகிறான். ஏரியல் அந்த நேரத்தில் சுழலின் அடியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறாள். தன் கதையின் உச்சத்தில் கதாநாயகிக்கு வேலையில்லை என்று இந்தப் படத்தைக் குறை சொல்லாதவர்கள் குறைவு. விளையாட்டில் உர்சுலாவிடம் போய் மோதுவது ஏரியல்தான். கொள்கைப் பிடிப்பால் அப்படிச் செய்தார்கள் என்று நான் பூச்சூட்டமாட்டேன். பொத்தான் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சண்டை போட்டாக வேண்டும். விளையாட்டின் இலக்கணம் அது. அந்த இலக்கணம் படம் தயங்கி நின்ற இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மட்டும் உண்மை.

'படத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டார்கள்' என்ற புகாருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 'ஜங்கிள் புக்' 1967-இல் வந்தது. வால்ட் டிஸ்னி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. முந்தின டிசம்பரில் இறந்துவிட்டார். கதை எழுத வந்தவரிடம் கிப்ளிங்கின் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, முதல் வேலையாக இதைப் படிக்காதே என்று அவர் சொன்னது அந்த ஸ்டுடியோவின் புகழ்பெற்ற கதை. பேச்சுக்குச் சொன்னதல்ல, அப்படியே செய்தார்கள். கிப்ளிங்கிடம் காட்டின் சட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் கண்டிப்பான வாத்தியாரான பாலு, படத்தில் வயிறு தடவும் சுகவாசி. மௌக்லியைக் காப்பாற்றப் போராடும் மலைப்பாம்பு கா, படத்தில் அவனை விழுங்கப் பார்க்கும் வில்லன். குரங்கு ராஜா லூயி புத்தகத்தில் எங்குமே இல்லை. இத்தனையையும் ரசித்துவிட்டு, 1994-இல் வந்த கேம் பாய் விளையாட்டில் மௌக்லி வாழைப்பழம் எறிகிறானே, ரத்தினக் கல் பொறுக்குகிறானே, படத்தில் அப்படி உண்டா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? ரத்தினக் கல் பொறுக்குவது சலிப்பூட்டுகிறது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இங்கே பத்து, அங்கே பத்து என்று பொறுக்கிக்கொண்டு திரிவதில் காட்டின் வாசனையே இல்லை. ஆனால் அது சலிப்பின் குற்றம். துரோகக் குற்றத்தை அதன் மேல் சுமத்தாதீர்கள்.

நிறம் போனது, கோடு போனது, வெறும் நிழலுருவம் மிஞ்சியது என்ற புலம்பல்தான் எல்லாவற்றிலும் உரக்கக் கேட்பது. ஓவியத்தின் பெயரால் சொல்லப்படுவதால் அதற்குக் கௌரவமும் அதிகம். டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' என்ற புத்தகத்தில் தங்கள் தொழிலின் பன்னிரண்டு அடிப்படைகளைத் தொகுத்தார்கள். ஓர் அசைவைப் பார்வையாளருக்குக் குழப்பமில்லாமல் எப்படிக் காட்டுவது என்பது அவற்றில் ஒன்று. அதை விளக்க அவர்கள் எடுத்துக்கொள்வது தொடக்க கால மிக்கி மவுஸை. உடம்பு கறுப்பு, கையும் கறுப்பு, இடையில் சாம்பல் சாயலே இல்லை. மிக்கி மார்புக்கு முன்னால் கையை ஆட்டினால் யாருக்கும் தெரியாது. அதனால் கையைப் பக்கவாட்டில் நீட்டி, உருவத்தின் வெளிவரம்பிலேயே செய்கை புரியும்படி வரையப் பழகினார்கள். நிழலாகப் பார்த்தாலும் விளங்க வேண்டும் என்ற பாடம் அந்த வறுமையில் கற்றது. மிக்கிக்கு வெள்ளைக் கையுறை வந்தது 1929-இல். அதற்கு முந்தைய கஷ்டம் இது. வண்ணம் வந்த பிறகும் அந்தப் பாடத்தை அவர்கள் கைவிடவில்லை.

அறுபது ஆண்டு கழித்து நான்கு பச்சைச் சாயலோடு உட்கார்ந்த விளையாட்டு ஓவியர் நின்றது அதே இடத்தில்தான். இருபது முப்பது புள்ளி உயரத்தில் ஓர் உருவம். முகபாவம் காட்ட இடமில்லை. வண்ணத்தைக் கொண்டு தலைமுடியையும் உடையையும் பிரித்துக்காட்ட வழியில்லை. வெளிவரம்பு ஒன்றுதான் கையில் இருக்கிறது. பறக்கும் கூந்தலும் வளைந்த வாலும் சரியாக விழுந்தால் ஏரியல். கொஞ்சம் பிசகினால் ஏதோ ஒரு மீன். படத்தின் அழகு மொத்தமும் வண்ணத்திலும் வழவழப்பிலும்தான் இருந்தது என்று நினைக்கிறவர்களுக்கு இந்த வேலை கண்ணில் படாது. அனிமேஷன் வரையக் கற்றவர்களுக்குப் படும்.

இதைவிடச் சிக்கலான ஒரு முடிச்சு உண்டு, அதைப் பற்றி எந்த விமரிசனத்திலும் நான் படித்ததில்லை. அந்தப் பன்னிரண்டில் இன்னொன்று, ஒரு செயலுக்கு முன்னால் வரும் தயாரிப்பு. பாத்திரம் குதிக்குமுன் முழங்காலை மடக்கிப் பின்வாங்க வேண்டும். அப்போதுதான் குதிப்பில் கனம் இருக்கும். படத்துக்கு அது அமிர்தம், விளையாட்டுக்கு விஷம். பொத்தானை அமுக்கியவருக்கு அந்தக் கணமே குதித்தாக வேண்டும். அலாதீன் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தால் ஆடுகிறவர் கருவியைத் தூக்கி எறிவார். மனிதர் ஓடுவதைப் படம்பிடித்து அதன் மேல் வரைந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' அந்தத் தாமதத்தைத் துணிந்து வைத்துக்கொண்டது. அந்தக் குதிப்பைப் பழகிக்கொள்வதே ஒரு தவம். மற்றவர்கள் முன்னால் வர வேண்டிய கனத்தைப் பின்னால் தள்ளினார்கள்: குதிப்பது உடனே, தரையில் இறங்கும்போது உடம்பு அமுங்கும், துணி அசைந்து அடங்கும். படத்தில் வருகிற அதே மனிதன், ஆனால் அவன் காலமே வேறு. இதைச் செய்கிறவரை 'பார்த்து எழுதியவர்' என்று எப்படிச் சொல்வது?

காசுக்காகச் செய்தது என்ற குற்றச்சாட்டு எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. இங்கர்சால் மிக்கி மவுஸ் கைக்கடிகாரம் 1933-இலேயே கடைக்கு வந்துவிட்டது. 'ஸ்னோ ஒயிட்' முழுநீளப் படம் வருவதற்கு நான்கு ஆண்டு முன்பு. பாத்திரத்தை விற்றுப் படத்துக்குக் காசு சேர்ப்பது அந்த வீட்டின் பரம்பரைத் தொழில். சிக்கனத்துக்கும் அவர்கள் அஞ்சியதில்லை. '101 டால்மேஷன்ஸ்' 1961-இல் வந்தபோது பென்சில் கோட்டை மையால் மறுபடி வரையும் செலவைத் தவிர்க்க ஒளிநகல் முறையைப் புகுத்தினார்கள். 1973-இன் 'ராபின் ஹூட்' நடனக் காட்சியில் ஸ்னோ ஒயிட்டின் அசைவும் ஜங்கிள் புக்கின் அசைவும் மேலே வேறு தோல் போர்த்திக்கொண்டு திரும்ப ஆடுகின்றன. அதைக் கண்டுபிடித்துச் சொல்வது இன்றைக்கு ஒரு ரசிகச் சுகம். கேம் பாய்க்காரர் ஒரு மீனின் உருவத்தை நான்கு கட்டங்களில் திரும்பப் பயன்படுத்தினால் அது மட்டும் ஏமாற்று வேலையாகிவிடுகிறது.

கூலிக்கு மாரடித்தவர்கள் செய்தது என்பதும் சரியில்லை. சூப்பர் நின்டெண்டோவுக்கு 1993-இல் கேப்காம் செய்த இன்னோர் 'அலாதீன்' உண்டு. விர்ஜினுடையதோடு அதற்கு எந்த உறவும் இல்லை. அதை வடிவமைத்தவர் ஷின்ஜி மிகாமி. மூன்றே ஆண்டில் 'ரெசிடென்ட் ஈவில்' செய்து ஒரு தலைமுறையின் தூக்கத்தைக் கெடுத்தவர் அவர்தான். அந்த அலாதீன் பின்னாளில் கேம் பாய் அட்வான்ஸிலும் வந்தது. இந்த வெறுப்பின் வேர், எனக்குத் தோன்றுகிறபடி, வேறெங்கோ இருக்கிறது. 1982-இல் அட்டாரிக்காக ஐந்தே வாரத்தில் செய்யப்பட்ட 'ஈ.டி.' விளையாட்டும், நியூ மெக்ஸிகோவில் குப்பைமேட்டில் புதைத்த கார்ட்ரிட்ஜ்களும் படத்தைத் தழுவிய விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் ஜாதகமாகிவிட்டன. அது அனிமேஷன் படமும் இல்லை, கையடக்கமும் இல்லை. ஒருவர் செய்த பாவத்துக்குத் தெருவே பரிகாரம் செய்ய வேண்டியதாயிற்று.

சுலபம், குழந்தைகளுக்கானது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று ஒரு வசை. இதைச் சொன்னவர்களுக்குப் பெரும்பாலும் பதினேழு வயதிருக்கும். ஏழு வயதுச் சிறுமிக்காகச் செய்ததை ஆடிவிட்டு எனக்குப் போதவில்லை என்று எழுதினார்கள். தொட்டில் சின்னதாக இருக்கிறது என்று அப்பா புகார் கொடுத்தால் தச்சன் என்ன செய்வான்? கடினமாக்கியபோது என்ன நடந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. 1994-இன் 'லயன் கிங்' விளையாட்டில் இரண்டாம் கட்டத்தின் குரங்குப் புதிரில் மாட்டி அழாத பிள்ளைகள் குறைவு. கார்ட்ரிட்ஜை வாடகைக்கு எடுத்து ஒரே வாரக்கடைசியில் முடித்துவிட்டால் கடையில் போய் யார் வாங்குவார்கள் என்ற கணக்கில்தான் தொடக்கமே அப்படி இறுக்கப்பட்டது என்று, அதைச் செய்த வெஸ்ட்வுட் நிறுவனத்தின் லூயிஸ் காஸில் பிற்பாடு சொல்லியிருக்கிறார். வியாபாரத்துக்காக ஒரு விளையாட்டைக் கெடுப்பது என்றால் அது இதுதான். அந்த விளையாட்டுக்குத்தான் இன்றைக்கும் 'சவால்' என்று மரியாதை. சுலபமாக இருந்த கடற்கன்னிக்கு இளக்காரம்.

நம் வானொலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். மூன்று மணி நேரப் படத்தைக் கத்தரித்து, படமே இல்லாமல், வசனத்தையும் பாட்டையும் மட்டும் வைத்து ஓட்டுவார்கள். அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே கேட்ட யாரும், சிவாஜியின் முகம் தெரியவில்லையே, இது மட்டமான நகல் என்று வானொலியை அணைக்கவில்லை. எதைக் கத்தரித்தால் கதை நிற்கும், எந்த மௌனத்தை விட்டால் காதுக்குப் புரியாது என்று தெரிந்த ஒருவர் அதற்குப் பின்னால் இருந்தார். சில படங்கள் பார்த்ததைவிடக் கேட்டதில் நன்றாக இருந்தன என்றுகூடச் சொல்வேன். எவை என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை.

கேம் பாய் கலர் 1998-இல் வந்த பிறகு வாதம் இன்னும் வலுக்கிறது. கலிஃபோர்னியாவின் டிஜிட்டல் எக்ளிப்ஸ் நிறுவனம் 2000-இல் அதற்காக 'ஆலிஸ் இன் வொண்டர்லாண்ட்' செய்தது. அசல் படம் 1951. அந்தப் படத்தின் வண்ணத்துக்கு வழி காட்டியவர் மேரி பிளேர். ஆழம் காட்டாத தட்டையான பரப்புகள், பக்கத்தில் பக்கமாக மோதும் துணிச்சலான நிறத் திட்டுகள் அவருடைய கைவரிசை. கேம் பாய் கலரில் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு சதுரத்துக்கும் நான்கு நிறம்தான் அனுமதி. நிழல் இழைக்க முடியாது; தட்டையாகத்தான் போட முடியும். பிளேரின் மனதில் இருந்த ஆலிஸுக்கு, எண்ணெய்ப் பளபளப்போடு வெளியான பெரிய விளையாட்டுகளைவிட இந்தக் குட்டிச் சதுரங்கள் கிட்டத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆலிஸின் நடையிலும் அந்தக் கருவிக்கு மீறிய ஒரு வழவழப்பு இருந்தது. அதே நிறுவனம் டான் ப்ளூத்தின் அனிமேஷனில் 1983-இல் லேசர் டிஸ்க்கில் ஓடிய 'டிராகன்ஸ் லேர்' விளையாட்டையும் இந்தக் கருவிக்குள் திணித்துக் காட்டியது. வாயைப் பிளந்து பார்க்க வேண்டிய சித்து வேலைதான். ஆனாலும் அது பெரியதை அப்படியே சிறியதாக்கிய வேலை. என் கட்சிக்கு அதைச் சாட்சியாக அழைத்தால் நான் இதுவரை சொன்னதற்கு நானே எதிர்க்கட்சி ஆகிவிடுவேன்.

மாறாக, 2005-இல் கேம் பாய் அட்வான்ஸில் வந்த 'நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' விளையாட்டு. ஹென்றி செலிக் பொம்மைகளை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமெடுத்த 1993-இன் படத்தை அது திருப்பிச் சொல்லவில்லை. படத்துக்கு முந்தைய கதையைச் சொன்னது. ஜாக் என்ற எலும்புக்கூட்டின் நீண்ட கைகால் உருவம் அந்தத் திரையில் ஒரே பார்வையில் பிடிபடும். அதை நம்பி ஒரு முழு ஊரைச் சுற்றவிட்டார்கள். நிழலாகவே பிறந்த பாத்திரத்துக்கு இந்தச் சின்னத் திரை பொருந்திப்போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதத்தை இன்று நேர்வழியில் வாங்க முடியாது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் சொன்னது. அவர்கள் ஆராய்ந்த கருவிகளில் கேம் பாய் குடும்பமும் ஒன்று. எது பிழைக்கிறது, எது போகிறது என்பதைத் தீர்மானிப்பது நான் மறுத்துக்கொண்டிருக்கும் இதே தீர்ப்புதான். 2019-இல் அலாதீனையும் லயன் கிங்கையும் சேர்த்து ஒரு தொகுப்பு வந்தது. செய்தது அதே டிஜிட்டல் எக்ளிப்ஸ். மிகாமியின் அலாதீன் அதில் இல்லை என்று ரசிகர்கள் போட்ட கூச்சலுக்குப் பிறகு 2021-இல் அதையும் ஜங்கிள் புக்கையும் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். 1995-இன் கேம் பாய் அலாதீனுக்கு இரண்டு முறையும் இடம் கிடைத்தது. ஜெனிசிஸில் வந்ததன் நகல் அல்லவா, பெரியவன் வீட்டுச் சொந்தம்.

கேம் கியரில் 1994-இல் வந்த அலாதீனுக்கு இடமில்லை. ஜப்பானின் சிம்ஸ் நிறுவனம் செய்தது அது. விர்ஜினுடையதும் அல்ல, கேப்காமுடையதும் அல்ல, தனியாக யோசித்துச் செய்த வேறொரு விளையாட்டு. சந்தைத் துரத்தலில் அலாதீன் தானாகவே ஓடிக்கொண்டிருப்பான்; நிறுத்த முடியாது; எதிரே வருவதைத் தாண்டுவதும் தவிர்ப்பதும்தான் நம் வேலை. பார்வை குறுகிய திரையில் ஓட்டத்தை வைத்துக்கொள்ள ஒரு வழி அது. இன்றைக்கு அதை முறைப்படி ஆட வேண்டுமென்றால் பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றும், கெப்பாசிட்டர் கசிந்து செத்துப்போகாத கேம் கியர் ஒன்றும், ஆறு பேட்டரியும் தேட வேண்டும்.